குழாய்க்குள் தொங்கிய தாயும் குட்டியும்

சென்ற வருடம் ஆகஸ்ட் மாதம், அமீரகத்தின் புஜைராவில் நடந்தது இது. நான் ஏசி டெக்னீஷியன். ஊருக்கு வெளியே ஒரு தனியார் தோட்டத்தில், பெரிய கண்ணாடிக் கூடத்துக்குள் மழைக்காடு ஒன்றை வளர்க்கிறார்கள். உயர்ந்த மரங்கள், பறவைகள், எப்போதும் தூவிக்கொண்டிருக்கும் நீர்ப்புகை. அங்கே ஏசி நின்றுவிட்டது என்று மதியம் அழைப்பு வந்தது. நாங்கள் போனபோது கூடத்துக்குள் அனல் ஏறிவிட்டிருந்தது. பறவைகள் அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கின.

விசிறியின் பெல்ட் அறுந்திருந்தது. மாற்றிவிட்டோம். காற்றை இழுக்கும் பெரிய குழாயின் வாயில், கழற்றி வைத்த வலையைத் திரும்ப மாட்டுவதுதான் பாக்கி. ஏணியில் ஏறினேன். மெஷின் ரூமில் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் சூப்பர்வைசர், ஒரு பாகிஸ்தானி, "ஆன் பண்ணலாமா பாய், ஜல்தி" என்று இந்தியில் வாக்கி டாக்கியில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

குழாய்க்குள் பழுப்பாக ஏதோ தொங்கியது. பிய்ந்த இன்சுலேஷன் என்று கையை நீட்டினேன். அது மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. ஒரு முழம் பின்னால் விசிறியின் இறக்கைகள்.

"ருகோ பாய், ருகோ" என்றேன். நில்லுங்கள், நில்லுங்கள் என்று வாக்கி டாக்கியில் திரும்பத் திரும்பக் கத்தினேன்.

சத்தம் கேட்டு, அங்கே விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் ஓடிவந்தார். அது ஸ்லாத். தென் அமெரிக்கக் காடுகளில், கிளையில் தலைகீழாகத் தொங்கியே வாழ்நாளைக் கழிக்கும் பிராணி. ஆட்கள் நடமாட்டத்துக்குப் பயந்து உள்ளே போயிருக்கும் என்றார்.

"இழுக்காதேங்கோ அண்ணா. இழுத்தா இன்னும் இறுக்கிப் பிடிக்கும், குட்டி நசிஞ்சு போகும். கையைக் கொப்பு மாதிரி நீட்டுங்கோ. தானா வரும்."

ஒரு செவ்வரத்தம் பூவை எட்டித் தந்தார். நம் செம்பருத்திதான். இடது கையைக் கிளை போல நீட்டி, வலது கையில் பூவைப் பிடித்தேன். அது பூவைப் பார்த்தது. யோசித்தது. ஒரு கையை எடுத்து, காற்றிலேயே வைத்திருந்து, பிறகு என் மணிக்கட்டில் போட்டது. அடுத்த கை வருவதற்குள் என் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது. கீழே ஒரு பறவை கிளையிலிருந்து தரைக்கு இறங்கி, இறக்கையை விரித்துப் படுத்துவிட்டது. அந்தப் பெண் அதைப் பார்த்தார். ஆனாலும் என்னை அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் நான்கு கால்களும் என் கையைச் சுற்றிக்கொண்டன. நகங்கள் சட்டைக்கு மேலேயே அழுந்தின. குட்டியின் மூச்சு என் முழங்கையில் பட்டது. ஒவ்வொரு படியாக இறங்கினேன். அந்தப் பெண் நீட்டிய கிளைக்கு அது மாறிய பிறகுதான் மறுபடி ஏறி வலையை மாட்டி, ஆன் பண்ணச் சொன்னேன். குளிர்காற்று வந்ததும், தரையில் கிடந்த பறவை எழுந்து தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தது.

சூப்பர்வைசர் வந்து, மரத்தில் தொங்கிய தாயையும் குட்டியையும் பார்த்தார். "சுவிட்ச்லதான் கை வெச்சிருந்தேன்" என்று மெதுவாக இந்தியில் சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இன்றைக்கும் எந்த மெஷினை ஓடவிடுவதானாலும் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அந்த ஒரு நிமிடத்தை நான் விட்டுக்கொடுப்பதில்லை.