ஒரு காலுக்கு எதிராக ஆறு கைகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஏழு பேர் இருந்தோம். அதில் ஆறு பேருக்கு அடுத்தவன் அழிந்துபோவதைப் படிக்கப் பிடிக்கும். ஏழாமவர் மிஷன் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சர். அவர் எதற்காக எங்களோடு வந்து உட்கார்ந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விளாங்குடியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடுவோம். அமர்வுக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. வேலையில் இருந்த காலமெல்லாம் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவை எழுதிவைத்தவன் நான். மழையே இல்லாத நாளிலும் தேதி போட்டுச் சுழியம் எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தில் வட்டத்தின் நடவடிக்கைகளையும் எழுதினேன். யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் நடுவில் எழுந்து போனார், எல்லாம் இருக்கும். இப்போது புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சுழியங்கள்தான்.

வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற இலக்கிய ஆசிரியர். நாங்கள் சார் என்போம். அவர் படிக்கச் சொன்னதெல்லாம் துன்பத்தில் முடிகிற பழைய நூல்கள். கிரேக்க நாடகம், ரஷ்ய நாவல், நம் காப்பியம், எதுவானாலும் நாயகன் தானே ஒரு முடிவெடுத்துத் தானே கெட வேண்டும். விபத்தில் செத்தவனை சாருக்குப் பிடிக்காது. காய்ச்சலில் செத்தவனை அவர் மதிக்கவே மாட்டார். ஒருவன் தெரிந்தே பள்ளத்தில் இறங்க வேண்டும், அப்போதுதான் அவருக்கு முகம் மலரும். ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன அரசனின் ஊர் இது. இங்கே இந்த ருசிக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

ஒவ்வொரு நூலும் முடிந்ததும் நாங்கள் ஒரு சடங்கு செய்வோம். சார் அதற்குத் 'திரும்பும் பக்கம்' என்று பெயர் வைத்திருந்தார். எந்தப் பக்கத்தில் அந்த மனிதன் திரும்பியிருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆளுக்கொரு பக்க எண் சொல்ல வேண்டும். வாதம் நடக்கும். கடைசியில் கை தூக்கி முடிவு செய்வோம். பிறகு சார் அடுத்த கேள்வியைக் கேட்பார்: அவன் திரும்பியிருக்க வேண்டுமா? இதற்கு ஒரே விடைதான் உண்டு. கூடாது. திரும்பியிருந்தால் அவன் சாதாரண ஆள் ஆகியிருப்பான். இதைச் சொல்லிவிட்டு பிஸ்கட் தின்போம். குறிப்பில் நான் பக்க எண்ணையும் கை எண்ணிக்கையையும் எழுதுவேன். இரண்டு ஆண்டுகளில் ஒரு தடவைகூட டீச்சர் இரண்டாம் கேள்விக்குக் கை தூக்கவில்லை. கேட்டால், உயிரோடு இருக்கிறது அப்படி ஒன்றும் கேவலமில்லை என்பார். சார் சிரிப்பார். கணக்கு டீச்சருக்கு இலக்கியம் அவ்வளவுதான் எட்டும் என்ற பொருளில் நாங்களும் சிரிப்போம்.

வட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்க எழுத்தரும் இருந்தார். நாற்பத்தைந்து வயது. எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். வேலைக்காக விளாங்குடியில் குடியிருந்தார். நாங்கள் படிக்கச் சொன்ன நூல்களை ஒரு வரி விடாமல் படித்தவர் அவர் ஒருவர்தான். எங்களையெல்லாம் பெரிய அறிவாளிகள் என்று நம்பியவரும் அவர்தான்.

ஜூன் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அவர் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். குறிப்பில் இருக்கிறது. ஊரில் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி வலது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது என்றார். வியாழக்கிழமை உசிலம்பட்டியில் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்ல, அப்பா மறுத்துவிட்டார். மனைவி ஒன்று சொல்கிறாள், தங்கை ஒன்று சொல்கிறாள், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இங்கே கேட்டால் தெளிவாகும் என்று வந்தேன் என்றார். உட்காரக்கூட இல்லை.

சார் கண்ணாடியைக் கழற்றினார். அப்பா மறுத்த வார்த்தையை அப்படியே சொல்லுங்கள் என்று கேட்டார். எழுத்தர் சொன்னார்:

"வேண்டாம்ப்பா, இருக்குற உறுப்போடயே போறேன்னாரு சார்."

அறையில் ஒரு அமைதி வந்தது. அதன் தரம் எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல நாடகத்தின் கடைசிப் பக்கத்தை மூடும்போது எங்களுக்கு வருகிற அமைதி அது. எழுபத்தாறு வயது மனிதரின் அழுகுகிற கால் எங்கள் மேசைக்கு ஒரு நூலாக வந்துசேர்ந்துவிட்டது.

சார் முக்கால் மணி நேரம் பேசினார். நிலத்தோடு வாழ்ந்த மனிதன் தன் உடலை முழுமையாகவே திருப்பித் தர நினைக்கிறான் என்றார். இது பிடிவாதம் இல்லை, தேர்வு என்றார். பிள்ளைகள் பாசத்தின் பேரில் ஒருவனுடைய தேர்வைத் திருடுவதுதான் உண்மையான அவலம் என்றார். மற்ற மூவரும் ஆளுக்கொரு காவியத்தைத் துணைக்கு இழுத்தார்கள். நானும் பேசினேன். என்ன பேசினேன் என்பதைக் குறிப்பில் எழுதவில்லை. என் பேச்சை நானே எழுதுவது நாகரிகமில்லை என்று அப்போது ஒரு கொள்கை வைத்திருந்தேன்.

டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எடுக்கலைன்னா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரு?"

ரெண்டு விரலை இப்போதே எடுத்தால் பாதம் தப்பிக்கும், தள்ளிப்போட்டால் மேலே ஏறும் என்று டாக்டர் சொன்னதாக எழுத்தர் சொன்னார். அப்படியானால் இதில் பேச என்ன இருக்கிறது, எழுந்து பஸ்ஸைப் பிடியுங்கள் என்றார் டீச்சர். சார் பொறுமையாக, டீச்சர், நாம் விரலைப் பற்றிப் பேசவில்லை என்றார். நான் விரலைப் பற்றித்தான் சார் பேசுகிறேன் என்றார் டீச்சர்.

வழக்கம்போலக் கை தூக்கச் சொன்னார் சார். அப்பாவின் மறுப்பை மதிக்க வேண்டும் என்போர். ஐந்து கைகள் உயர்ந்தன. டீச்சர் கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். எழுத்தர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரும் தூக்கினார். ஆறு என்று எழுதினேன். என் கையெழுத்து அன்று மிக அழகாக விழுந்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு பிப்ரவரியில் சாருக்கு நெஞ்சு வலித்தது. அவர் அதைத் தேர்வு என்று எண்ணவில்லை. உடலை முழுமையாகத் திருப்பித் தரும் யோசனையும் அவருக்கு வரவில்லை. பனியனோடு ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வரத் தாமதம் என்று காவலாளியிடம் சண்டை போட்டார். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். பார்க்கப் போய் ஆரஞ்சு கொடுத்தோம். ஜூனில் ஒருவருக்கும் அந்தப் பனியன் ஞாபகம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு எழுத்தர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்குப் பின் வந்த புதன்கிழமை அவரைத் தெருவில் பார்த்த டீச்சர்தான் அந்த வார அமர்வில் எங்களிடம் சொன்னார். டாக்டர் சொன்ன வியாழக்கிழமையிலிருந்து பதினோராம் நாள் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டிருக்கிறது. பன்னிரண்டாம் நாள் நினைவில்லாமல் மதுரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அன்றே முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அது நிற்கவில்லை. பதினேழாம் நாள் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். உயிர் தப்பியது. இரண்டு விரலுக்கு மறுப்புச் சொன்னவர் ஒரு தொடையின் பாதியோடு ஊர் திரும்பினார்.

சார் அன்றைய அமர்வை ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்கலாமா என்று கேட்டார். ஆள் இன்னும் சாகவில்லை சார் என்றார் டீச்சர்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நான் எழுமலைக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. பரிவு என்று சொன்னால் பொய்யாகிவிடும். என்ன ஆயிற்று என்று முழுசாகத் தெரியாமல் ஒரு பதிவை விட்டுவைக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டியில் மாறினேன். எழுத்தர் லீவில் ஊரில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும், வாங்கண்ணே என்று கையைப் பிடித்துக்கொண்டார். இளைத்திருந்தார்.

அப்பா வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெட்டிய கால் மேல் வேட்டியை மடித்துப் போட்டிருந்தார். நான் கற்பனை செய்துவைத்திருந்த முகம் அவருக்கு இல்லை. காப்பிய நாயகனும் இல்லை, ஒன்றும் இல்லை. டீக்கடையில் பேப்பரை முதலில் பிடுங்கிக்கொள்கிற மனிதரின் முகம்.

"நீங்கதான் மதுரையில கூடிப் பேசுற ஆளுகளா?" என்றார்.

ஆமாம் என்றேன். மருமகள் வந்து சாப்பிட அழைத்தார். நான் வேண்டாம், உசிலம்பட்டியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. மருமகள் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டாமல் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். நான் உட்கார்ந்தேன். இதில் யாருக்கும் எந்த வியப்பும் இல்லை. கிழவர் மட்டும் என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"சாப்புட்டேன்னீங்க?"

பசிக்கிறது என்றேன்.

"பெறகு ஏன் வேண்டாம்னீங்க?"

எங்கள் பக்கத்தில் இதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டிலும் முதல் தடவை யாரும் சரி என்று சொல்வதில்லை. காப்பிக்கும் வேண்டாம், புதுவேட்டிக்கும் வேண்டாம், உட்கார நாற்காலி போட்டாலும் இருக்கட்டும் இருக்கட்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்காதவன் மரியாதை தெரியாதவன். மதுரை ஜில்லாவில் பிறந்த குழந்தைக்குத் தெரிந்த சங்கதி இது.

"நானும் அம்புட்டுதான் சொன்னேன்," என்றார் கிழவர். சிரிப்பு நின்றுவிட்டது. "கத்தின்ன ஒடனே வெட்டுங்கன்னு காலை நீட்டுறதுக்கு நான் என்ன கேணயனா? பயமா இருந்துச்சு. வேண்டாம்னேன். இவன் என்னைய வைவான், தூக்கி வண்டியில போடுவான்னு இருந்தேன். மதுரைக்குப் போய்ட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்தான். கட்டில்கிட்ட ஒக்காந்து, ஒங்க விருப்பம்ப்பா, நான் மதிக்கிறேன்னு சொல்லிட்டு அழுகுறான். எனக்கு ஒண்ணும் புரியல. சரி, பொழைக்க மாட்டேன்னு டாக்டர் இவன்கிட்ட ரகசியமாச் சொல்லிட்டாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

எழுத்தர் குழம்புச் சட்டியைப் பிடித்தபடி என் இலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இதை அவரும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார் என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஊற்றவும் இல்லை, சட்டியை வைக்கவும் இல்லை.

"மதிக்கிறானாம்," என்றார் கிழவர். "பெத்த அப்பனை எவனாச்சும் மதிப்பானா? இழுத்துட்டுப் போவான்."

நான் அந்தச் சோற்றைத் தின்றேன். தின்றேன் என்றுதான் எழுத வேண்டும். ஆயிரம் பக்கங்களில் அரசர்களின் மனதை அலசியவர்கள் நாங்கள். ஒரு கிழவனின் 'வேண்டாம்' என்ற சொல்லை, சமையலறையில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் புரிகிற சொல்லை, எங்களால் படிக்க முடியவில்லை. படிக்காதவர்கள் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். எழுத்தரின் தங்கையிடம் விட்டிருந்தால் அந்த வியாழக்கிழமையே அடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

மறுநாள் அமர்வில் நடந்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. குறைக்கவில்லை. சாரின் முகம் வெட்கத்தில் சிவக்கும் என்று எதிர்பார்த்த முட்டாள் நான்தான். அவர் முகம் மலர்ந்தது.

"எவ்வளவு பெரிய முரண் பாருங்க," என்றார். "நாம நெனச்சதை விட இது ஆழமா இருக்கு."

ஒருவர் மறுப்பதுபோலக் கெஞ்சுகிறார், மற்றவர் அன்பினாலேயே கைவிடுகிறார் என்று விரிக்கத் தொடங்கினார். எழுத்தரே வந்து ஒரு அமர்வில் இதைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும், மனசுக்கும் ஆறுதல் என்றார். மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர் தேதிகூட யோசித்தார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த இன்னொரு கால் எப்படி இருக்கு?"

தெரியாது என்றேன். மூன்று மணி நேரம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். வேட்டி மடிப்பைப் பார்த்தேன், வேப்பமரத்தைப் பார்த்தேன், கிழவரின் சொல்லை ஒன்று விடாமல் மனதில் எழுதிக்கொண்டேன். மிச்சமிருந்த பாதத்தை நான் பார்க்கவில்லை.

டீச்சர் அங்கேயே போனை எடுத்து எழுத்தரைக் கூப்பிட்டார். சார் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார், பாடம் நடுவே மணி அடித்ததுபோல. இடது குதிகாலில் ஒரு வெடிப்பு இருக்கிறது, நாலு நாளாக ஆறவில்லை, அப்பா அது ஒன்றுமில்லை என்கிறார் என்று எழுத்தர் சொல்லியிருக்கிறார். அவர் என்ன சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை, நாளைக் காலை எந்த பஸ் என்று கேட்டார் டீச்சர்.

அத்தோடு நான் அமர்வுக் குறிப்பு எழுதுவதை நிறுத்தினேன். போவதையும் நிறுத்தினேன். வட்டம் இன்னும் நடக்கிறது. இப்போது ரஷ்ய நாவல் ஒன்றில் யாரோ ரயிலுக்குக் காத்திருக்கிறார்களாம்.

எழுத்தர் திங்கள் மாலை எனக்குப் போன் செய்தார். காலையில் அப்பா வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இவர் கையை விடுவித்துத் தூக்கியிருக்கிறார். தோளில் அடி, வாயில் வராத கெட்ட வார்த்தை எல்லாம் வாங்கிக்கொண்டே பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார். மதுரையில் டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார், நல்ல வேளை இப்போதே வந்தீர்கள் என்றாராம்.

வழியில் ரொம்பப் படுத்தினாரா என்று கேட்டேன்.

"உசிலம்பட்டி வரைக்கும் வஞ்சாருண்ணே," என்றார். "பெறகு சன்னலோரம் ஒக்காந்து வேடிக்கை பாத்துட்டே வந்தாரு."