பெயரை அவரே சொல்ல வேண்டும்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் சீட் கிடைத்தாலும் பாதி வழியில் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொள்வேன். மேல் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டே வருவேன். இது நல்ல நரம்பு, இது ஆட்டம் காட்டும், இதற்குச் சின்ன ஊசி வேண்டும் என்று மனசு தன் பாட்டுக்குப் பிரித்து வைக்கும். ரத்தம் எடுப்பதுதான் என் வேலை. பதினொரு வருஷமாகிறது. முகம் மறந்துபோகும், நரம்பு மறக்காது.

திருவள்ளூரில் படிப்பை முடித்துவிட்டு லேபில் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி ஊசியைப் பற்றியது அல்ல, பெயரைப் பற்றியது. எதிரில் உட்காருபவரின் பெயரை நாம் சொல்லக் கூடாது, அவரே சொல்ல வேண்டும். நாம் வாசித்துக்காட்டி “நீங்கதானே?” என்று கேட்டால் அவசரத்தில் யாரும் தலையை ஆட்டிவிடுவார்கள். அவர் சொன்ன பெயரும் ஃபாரத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் கையில் ரப்பர் பட்டையைக் கட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். தெரிந்தும் அன்றைக்குக் கோட்டை விட்டேன்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி. காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரம் ஆக்குவதற்கு முன்னால் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். எந்தப் புண்ணியவான் செய்த ஏற்பாடோ, கேன்டீன் வாசலிலேயே எனக்கு மேஜை போட்டுவிட்டார்கள். பொங்கல் வாசனை மூக்கைத் துளைக்கிறது, வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் என்னை முறைக்கிறார்கள்.

“இன்னாக்கா, நாஷ்டா துன்னுட்டு வந்து ரத்தம் குடுத்தா ரத்தம் கோச்சுக்குமா?” என்று ஒருவர் கேட்க, வரிசையே சிரித்தது. ஹெச்.ஆர். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. ஷிஃப்ட் சங்கு ஊதுவதற்குள் முடிக்கச் சொல்லி நிமிஷத்துக்கு ஒரு தரம் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிக் கேட்டவருக்கு முப்பது வயது இருக்கும். பழவேற்காட்டுக்காரர். வீட்டில் எல்லோரும் ஏரியில் மீன் பிடிக்கிறார்கள், தான் மட்டும் கம்பெனிக்கு வந்துவிட்டதாக ஊசி இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். வலை இழுத்த கை. நரம்பு தாம்புக் கயிறு மாதிரி இருந்தது. வலது கையில் ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து, பிளாஸ்டரைப் பெருக்கல் குறியாக ஒட்டினேன். அது என் வழக்கம். மற்றவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திவிடுவார்கள், எனக்கு இரண்டு ஒட்டினால்தான் மனசு ஆறும்.

அரை மணி நேரம் கழித்து, முகக்கவசம் போட்ட ஒருவர் வந்து இடது கையை நீட்டினார். ஃபாரத்தில் வயது நாற்பத்திரண்டு, வேலை கிரேன் ஆபரேட்டர் என்றிருந்தது. பெயரை நானே வாசித்தேன். “ம்” என்றார். பட்டையைக் கட்டி விரலை வைத்ததுமே உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனாலும் கை தன் வேலையை நிறுத்தவில்லை. குழாய் நிரம்பிய பிறகுதான் நிமிர்ந்தேன். பாதி மடித்த வலது சட்டைக் கையின் அடியில் என் பெருக்கல் குறி எட்டிப் பார்த்தது. அந்தப் பழவேற்காட்டுக்காரர்தான். பொங்கலுக்கு ஓடாமல், இன்னொருவர் பெயரில் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு மறுபடியும் வரிசையில் நின்றிருக்கிறார்.

நான் கண்டுகொண்டது அவருக்கும் தெரிந்துவிட்டது. “பேஜாரு பண்ணிடாதக்கா” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஹெச்.ஆர். இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே. பேசாமல் குழாயில் ஸ்டிக்கரை ஒட்டினேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் திரும்பும்போது கால் ஆடிக்கொண்டே இருந்தது. தன் ரத்தத்தைக் காட்டப் பயப்படுகிறவருக்கு என்ன வியாதி இருக்கும்? கிரேன் மேலே உட்கார்ந்திருக்கும்போது மயக்கம் வந்தால் அவர் என்ன ஆவார், கீழே நிற்பவர்கள் என்ன ஆவார்கள்? லேபுக்கு வந்ததும் அந்தக் குழாயை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்தேன். ஃபாரத்தில் இருந்த நம்பருக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. டீ குடிக்கப் போனேன், குடிக்காமல் திரும்பி வந்து மறுபடியும் போட்டேன். ஏழாவது தடவை எடுத்தார்.

“ரத்தம் எடுத்த பொண்ணு பேசுறேன். குழாயில இருக்கறது உங்க ரத்தம் இல்லன்னு எனக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிஞ்சதும் லேபுக்கு வாங்க. வரலன்னா கம்பெனிக்குச் சொல்லிடுவேன்.”

மிரட்டல்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நாலு மணிக்கு வந்தார். பொதட்டூர்பேட்டைக்காரர். கண் குழி விழுந்திருந்தது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பேசிக்கொண்டிருக்கும்போதே காலி செய்தார்.

“முன்ன இருந்த கம்பெனில சுகருன்னு சொல்லித்தாம்மா நிறுத்திட்டாங்கோ. ரூம்ல என்கூட கீறவன் அந்தப் பழவேற்காட்டுத் தம்பி. ‘நான் குடுக்கறேண்ணா’ன்னு அவனாதான் சொன்னான்.”

“மாத்திரை போடுறீங்களா?”

“லாக்கர்ல பாத்துட்டாங்கன்னா? உட்டு ஆறு மாசம் ஆவுது.”

விரலில் குத்தி, சுகர் பார்க்கும் சின்ன மெஷினில் வைத்தேன். எண் வரவில்லை. அதன் அளவைத் தாண்டிவிட்டால் எண் காட்டாது, ‘ஹை’ என்று மட்டும் காட்டும். வேறு விரலில் குத்திப் பார்த்தேன். அதுவும் அப்படியே. பயந்துபோனேன்.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். “வேலை போய்டும்மா, சொல்லிடாதம்மா” என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தார். “நீயே போய்டுவ, அப்புறம் வேலை இன்னாத்துக்கு?” என்று கத்திவிட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். வயதில் மூத்தவரை ஒருமையில் பேசியது அப்புறம்தான் உறைத்தது.

அவருக்கு இன்சுலின் ஏற ஆரம்பித்ததும் லேபுக்கு வந்து பொறுப்பாளரிடம் உண்மையைச் சொன்னேன். பெயரைக் கேட்கவில்லை, நானே வாசித்தேன், இது அந்த ஆளின் ரத்தம் இல்லை. யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கிடைத்தது. குழாய் குப்பைக்குப் போனது. கம்பெனி அவரை மறுபடியும் ரத்தம் கொடுக்கச் சொன்னது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர் அந்தப் பக்கமே போகவில்லையாம், ரூமையும் காலி செய்துவிட்டாராம். நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. நான் செய்தது சரி என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கென்னவோ பல நாள் சோறு இறங்கவில்லை.

சில மாதம் கழித்து அதே கம்பெனியில் மறுபடியும் கேம்ப். பழவேற்காட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். முகக்கவசம் இல்லை. பழைய வாயும் இல்லை.

“உங்க பேரு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். சொன்னார். சரியாக இருந்தது.

“அவரு எப்டி இருக்காரு?”

“நல்லாகீறாருக்கா. தடா பக்கம் வேற கம்பெனில சேந்துட்டாரு. கிரேன்தான்.”

“மாத்திரை போடுறாரா? அங்க சேரும்போது மெடிக்கல் பாக்கலியா?”

அவர் வலது கையை நீட்டினார். நான் அதை விட்டுவிட்டு இடது கையைப் பிடித்துச் சட்டையை மேலே ஏற்றினேன். முழங்கை மடிப்பில் சின்னதாக ஒரு புள்ளி, அதைச் சுற்றி இன்னும் ஆறாத நீலம். நான் குத்தியது இல்லை. தடாவில் யாரோ, என்னைப் போலவே அவசரத்தில், பெயரைத் தாங்களே வாசித்திருக்கிறார்கள்.