வீட்டுக்கு ஒரு புத்தகம்

அத்தை சொன்ன கதையில் வந்த அரசாங்கம் ரொம்ப மரியாதையான அரசாங்கம். புத்தகம் வைத்திருப்பவர்களை அது அடிக்காது, ஜெயிலில் போடாது. வீட்டுக்கு ஒரு புத்தகம் வைத்துக்கொள்ளலாம், மீதியை அவரவரே தெருவுக்குக் கொண்டுவந்து கொளுத்திவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. எதை வைத்துக்கொள்வது என்பதை வீட்டில் உள்ளவர்களே பேசி முடிவு செய்யலாம், அதில் தலையிடாது. இதைக் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. இவ்வளவு நல்ல அரசாங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது அத்தை ஏன் பல்லைக் கடிக்கிறாள் என்று யோசித்திருக்கிறேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாமல், சென்னை ஓரத்து நூம்பலில் எங்களோடு இருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் வேலப்பன்சாவடி முனையில் நின்றால் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மற்றப் பெண்கள் ஏறியதும் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள், இவள் பையிலிருந்து புத்தகத்தை எடுப்பாள். புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்குவாள். தக்காளி பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாக முகர்ந்து, புரட்டி, ஒதுக்கி, கடைக்காரரிடம் தராசு முள்ளைப் பற்றிச் சண்டை போட்டுத்தான் வாங்குவாள். அந்த அரசாங்கக் கதை இருந்த நாவலும் அப்படி வந்ததுதான். அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. அதனால் அதன் பெயர் என்ன, எழுதியவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த வாரம் பஸ்ஸில் படித்ததை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லுவாள். கதையில் ஒரு வீடு. அதில் நான்கு பேர், நான்கு பேருக்கும் வேறு வேறு புத்தகம் பிடிக்கும். எதை வைத்துக்கொள்வது என்று வாரக்கணக்கில் சண்டை நடந்தது. கேட்டுவிட்டு நாங்கள் தெருவில் அதையே விளையாட்டாக ஆடினோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, “உங்க ஊட்ல எந்த புக்கு?” என்று கேட்போம். முனை வீட்டில் பைபிள் என்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் பத்தாம் வகுப்பு நோட்ஸ் என்று சொல்லி, உடனே யோசித்து, அதைத்தான் முதலில் கொளுத்தணும் என்றான். புதிதாக வந்த ஃபிளாட்டில் கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. சட்டம் வந்தால் முதலில் மாட்டப்போவது அவர்கள்தான் என்று எங்களுக்குக் கவலை. எதிர் வீட்டு ஆட்டோக்கார மாமாவுக்கு மட்டும் கவலையே இல்லை.

“எங்க ஊட்ல கீறதே ஒண்ணுதான் நைனா. சிலிண்டர் வாங்கற கேஸ் புக்கு. அரசாங்கம் வந்தா காட்டிட்டுப் போய்க்கினே இருப்பேன்” என்றார்.

எங்கள் வீட்டில் என்ன என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்த நாவல்தான், வேறென்ன? அப்பா தினசரிக் காலண்டரைத் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை. தம்பிக்கு அப்போது நான்கு வயது, படப் புத்தகத்தைக் கொடுத்தால் கடிப்பான். அம்மாவை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அந்த வருஷம்தான் வெள்ளம் வந்தது. ஏரி நிரம்பி, தெருவெல்லாம் தண்ணீராகி, ஒரு விடியற்காலையில் எங்கள் வீட்டுக்குள் என் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். அரிசி, துணி, மிக்சி என்று கைக்குக் கிடைத்ததை எல்லோரும் மாடிக்கு ஏற்றினோம். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி யாருக்கும் நினைவு வரவில்லை. அது அம்மா கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த பெட்டி. அத்தையின் புத்தகங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு திறந்தபோது எல்லாம் ஊறிப்போய், பெட்டியின் வடிவத்துக்கு ஒரே கட்டியாக இருந்தது.

பிறகு வெயிலும் சரியாக வரவில்லை. புத்தகங்கள் காய்வதற்குப் பதில் பூசணம் பிடித்தன. தம்பிக்கு ஏற்கெனவே இழுப்பு. ராத்திரி அவன் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவதுபோலக் கேட்கும், அம்மா அவனை மடியில் நிமிர்த்தி வைத்தபடியே தூங்குவாள். பொங்கல் நெருங்கியபோது அவள் பொறுமை தீர்ந்துவிட்டது.

“பொட்டி பூரா நாறிகினு கீது. புள்ள மூச்சு உட முடியாம கெடக்கறான். இத்த வச்சிகினு இன்னா பண்ணப்போற நீ?”

“வெயில்ல போட்டா சரியாப் பூடும் அண்ணி.”

“எந்த வெயில்ல? சூரியன் என்னைக்கி வரும்னு ஒனக்குச் சொல்லிட்டுப் போச்சா?” என்ற அம்மா, அத்தையின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். “சரி, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ. நல்லா காய வச்சி வச்சிக்கோ. மத்ததெல்லாம் போகிக்குத்தான்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அம்மா இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருப்பாள், இல்லை அப்பாவின் யூனிபாரத்தைத் துவைத்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரம்கூட மாடிக்கு வந்து கதை கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் வாயிலிருந்து அந்தச் சட்டம் அச்சு மாறாமல் வந்தது. அந்த அரசாங்கம் எங்கேயோ இல்லை, எங்கள் வீட்டில்தான் சமைத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தெருவில் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. போகியன்று டயர் எரிக்காதீர்கள், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள், ரப்பர் எரிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. நான் அதன் பின்னாலேயே முனைவரை ஓடினேன். திரும்பத் திரும்ப டயர், பிளாஸ்டிக், ரப்பர்தான். புத்தகத்தை எரிக்காதீர்கள் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

போகிக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா பெட்டியை வாசலுக்கு இழுத்துவந்து கவிழ்த்தாள். புத்தகங்கள் கட்டிக்கட்டியாக விழுந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில், பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை அவள் பிய்த்தெடுத்தாள். பழுப்புக் காகித அட்டை போட்ட தடித்த பள்ளிக்கூடப் புத்தகம். லேபிளில் எழுதியிருந்த பெயர் கரைந்து வெறும் நீலக் கறையாக நின்றது. அம்மா அதைப் புடவைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்துவிட்டுக் குவியலில் வைத்தாள். நாளைக்கு எரிக்கப்போவதைப் போய்த் துடைக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அத்தை வேலைவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் குவியலின் முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளைகள் சுற்றி நின்றோம். நான் அந்த நாவலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், அவளுக்குத் தேடும் சிரமம் இருக்கக்கூடாது என்று.

“இன்னா தங்கச்சி, எலெக்சனா?” என்று எதிர் வீட்டு மாமா ஆட்டோவிலிருந்தே கேட்டார்.

அத்தை சிரித்தாள். என் மடியிலிருந்த நாவலை வாங்கினாள். ஒட்டியிருந்த பக்கங்களை நகத்தால் பிரித்து ஒரு பக்கம் படித்தாள். பிறகு அதைத் திரும்பவும் என் மடியிலேயே வைத்துவிட்டு, கையை நீட்டி அந்தப் பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அட்டையைத் திறந்தாள்: விலங்கியல், பன்னிரண்டாம் வகுப்பு.

“அத்தே, அது ஸ்கூல் புக்கு!”

“தெரியும்.”

“கதை இன்னும் முடியலயே!”

“தெரியும்டி.”

நான் கத்திய கத்தலில் போளிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா மாவுக் கையோடு வெளியே வந்தாள். அத்தையின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“ஒனக்கு வேற புஸ்தகமே கெடைக்கலயா?”

“ஒண்ணு எடுத்துக்கோன்னு நீங்கதான அண்ணி சொன்னீங்க. எதுன்னு சொல்லலயே.”

“அது எதுக்குடி இப்போ? யாரு பரிச்ச எழுதப்போறாங்க?”

“யாரும் எழுத வேணாம். கெடக்கட்டுமே.”

அம்மா விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். மாவை அறைந்து பிசைகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

விடிவதற்குள் தெரு முழுக்கப் போகி மேளம். அந்த வருஷம் எரிக்கப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளத்தில் ஊறிய மெத்தை, பாய், தலையணை, உப்பிப்போன பீரோக் கதவு என்று வீட்டுக்கு வீடு மலையாகக் குவித்திருந்தார்கள். நான் நாவலைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பாடியில் இருக்கும் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து, சாப்பாட்டுப் பையோடு அப்பா அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

“அண்ணாத்தே, ஒம் பொண்ணு ஸ்ட்ரைக் பண்ணிக்கினு கீது. போய்ப் பேசி முடி” என்றார் எதிர் வீட்டு மாமா.

அப்பா குந்தி உட்கார்ந்து, தன் ஃபேக்டரியில் செய்வதுபோலப் பேச்சுவார்த்தை நடத்திப் பார்த்தார். புதுப் புத்தகம், கலர் பென்சில், சினிமா வரைக்கும் வந்தார். நான் மசியவில்லை. அதற்குள் புகை வீட்டுக்குள் போய்த் தம்பிக்கு இருமல் வந்துவிட்டது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அவன் மூச்சு இழுக்கிற சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. அவனுக்கு இழுத்தது புகையால்தான், அதற்கும் என் அடியில் இருந்த புத்தகத்துக்கும் அந்த நிமிஷத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்பது வயதில் அதையெல்லாம் யார் பிரித்துப் பார்ப்பது? நான் எழுந்து புத்தகத்தை அத்தையிடம் கொடுத்துவிட்டு ஓவென்று அழுதேன். அத்தை என்னை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மறு கையால் அதை நெருப்பில் வைத்தாள். ஈரம் இன்னும் போகவில்லை. ரொம்ப நேரம் புகைந்துவிட்டுத்தான் பிடித்தது.

அன்றைக்கு முழுவதும் அம்மா அத்தையைத் திட்டிக்கொண்டே இருந்தாள். குளித்த துணியை ஊறவைக்கவில்லை, தம்ளரைக் கவிழ்க்கவில்லை, வயசுக்கேற்ற புத்தி இல்லை. திட்டிக்கொண்டே அத்தையின் தட்டில் போளிமேல் போளியாக வைத்து நெய்யை ஊற்றினாள். எனக்கு ஒன்றுதான், அதிலும் ஓரம் கருகியது. தப்பு செய்தவளுக்கு இந்த உபசாரமா என்று நான் கொதித்துப் போயிருந்தேன்.

சாயங்காலம் பிள்ளைகள் முடிவு கேட்டு வந்தார்கள். மீதியை வெள்ளத்துக்கு முன்னாலேயே பஸ்ஸில் படித்து முடித்துவிட்டதாக அத்தை சொன்னாள்.

“அப்பறம் அந்த ஊட்ல எத்த வச்சிகினாங்க?”

“அத்த மட்டும் எழுதினவர் சொல்லலடா. அவங்க நாலு பேரும் வாசல்ல நிக்கறதோட கதைய நிறுத்திட்டாரு.”

பெரிய கூச்சல் எழுந்தது. இதெல்லாம் ஒரு முடிவா என்று எல்லோரும் சண்டைக்குப் போனோம். பேப்பர் கடைக்காரரிடம் போய்த் துட்டைத் திருப்பிக் கேட்கலாம் என்று எதிர் வீட்டு மாமா யோசனை சொன்னார். நான் அத்தையோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் நாள் கரும்பு உரித்துக் கொடுத்தபோதுதான் மறந்துபோய்ப் பேசிவிட்டேன்.

அத்தை இப்போது பூந்தமல்லியில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். நான் காலேஜில் படிக்கும்போது ஒரு நாள் அவள் வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டே அந்தப் போகியைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்தேன், உலகத்தில் யாராவது நாவலை விட்டுவிட்டு விலங்கியலை எடுப்பார்களா என்று. அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“அது ஒங்கம்மா புக்குடி. ஒனக்குத் தெரியாதா?”

அம்மா பிளஸ் டூ பாதியில் இருந்தபோது கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். நர்சுக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஒரு புத்தகத்தைப் பெட்டியின் அடியில் போட்டு, மேலே புடவைகளை அடுக்கிக் கொண்டுவந்திருக்கிறாள். பிறகு நான் வந்தேன், தம்பி வந்தான். யாரும் இல்லாத மத்தியான வேளைகளில் அவள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை, உடம்பு சரியில்லாமல் லீவு போட்ட ஒரு நாள் அத்தை பார்த்திருக்கிறாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தெருவில் வீடு வீடாகப் போய் உங்கள் வீட்டில் எந்தப் புத்தகம் என்று கேட்டவள் நான். கேஸ் புக்கைக்கூட ஒரு புத்தகமாக ஒத்துக்கொண்டோம். அம்மாவுக்கென்று ஒரு புத்தகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ என்று அத்தைக்குச் சொன்னவள், தனக்கு அந்த ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளாமல் குவியலில் போட்டதும், அத்தை தனக்குக் கிடைத்த ஒன்றை அவளுக்காகச் செலவழித்ததும் என் கண் முன்னால் நடந்தவை. நான் பார்த்ததெல்லாம் நாவல் போச்சே என்பது மட்டும்தான்.

அந்தப் போகிக்கு மறுநாள், பொங்கலன்றுதான் நல்ல வெயில் அடித்தது. மத்தியானம் அம்மாவைத் தேடி மாடிக்குப் போனேன். சிமெண்டுத் தரையில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து அம்மா அந்தப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். ஒரு விரல் ஒரு வரியின் கீழே இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

“இன்னாம்மா, படிக்கிறியா?”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“படிக்கலடி. காய வெக்கிறேன்.”

விறைத்துப்போய் மொடமொடவென்று நின்றது அந்தப் பக்கம், காய்ந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். நான் அம்மா சொன்னதை அப்படியே நம்பி, கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டு படியிறங்கி ஓடிவிட்டேன்.