அறுபத்தொன்பதின் முகம், எழுபதின் உடம்பு

என் காருக்கு முன்பக்கம் அறுபத்தொன்பதாம் ஆண்டு, மற்றதெல்லாம் எழுபதாம் ஆண்டு. தெரிந்துதான் செய்தேன். அதைப் பிழை என்று சொல்ல விரும்புகிறவர்கள் வரிசையில் வரலாம். வரிசையில் முதலாவதாக நிற்பவர் என் சம்பந்தி. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்து வரப் பெண் வீட்டுக் கார்தான் போகும். என் மகளின் கல்யாணத்துக்கு இந்தக் காரைக் கொண்டு போவேன், நானே ஓட்டுவேன் என்று சொன்னேன். அது மட்டும் நடக்காது என்று அவர் சொன்னார்.

கார் என் கணவர் வாங்கியது. பழைய அமெரிக்க மசில் கார். நீண்ட மூக்கு, குட்டைப் பின்பக்கம், தெருவையே எழுப்புகிற எஞ்சின். கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊருக்கு வெளியே ஒரு விவசாயி மானில் மோதி அதன் முகத்தை நொறுக்கி வைத்திருந்தார், அவரிடம் அப்படியே வாங்கினார். ஹெட்லைற், கிரில், எஞ்சினை மூடுகிற பொனற், முன் மட்காட் இரண்டு, எல்லாம் போய்விட்டன. என் கணவருக்கு அது பெரிய விசயமாகவே தெரியவில்லை. எழுபதாம் ஆண்டுச் சாமான் கிடைக்கும்வரை பொறுத்திருப்போம் என்றார். "எழுபதுக்கு எழுபதுதான் போட வேணும். வேறை எதையும் கொழுவினால் அது கார் இல்லை, கோமாளி" என்பார். அப்படிப் பொறுத்திருக்கும்போதே ஒருநாள் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் இதயம் நின்று இறந்துபோனார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. மனுசன் பொறுத்திருந்து என்னத்தைக் கண்டார்?

காரை வித்துவிடு என்று சனம் சொன்னது. "பொம்பிளை, உமக்கு உது என்னத்துக்கு?" என்று செத்த வீட்டிலேயே ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே விற்கவில்லை.

ஸ்கீவ என்ற ஊரில் ஒருவரிடம் அறுபத்தொன்பதாம் ஆண்டுக் கார் ஒன்று கிடந்தது. அடிப்பக்கம் துருப்பிடித்து உக்கிப் போயிருந்தது, முகம் மட்டும் அப்படியே இருந்தது. உன்னுடையது எழுபது, இது சரிவராது என்று விற்றவரே சொன்னார். தெரியும், கழற்றித் தா என்றேன். இரண்டுக்கும் உள்ளெலும்பு ஒன்று, தோல்தான் வேறு. எழுபதுக்கு முன்னால் இரண்டு விளக்கு, அறுபத்தொன்பதுக்கு நாலு. அறுபத்தொன்பதுக்குக் கதவுக்குப் பின்னால் காற்று வாங்குகிற வாய் போல ஒரு புடைப்பு இருக்கும், எழுபதுக்கு அது இல்லை. ஆகவே கார் தெரிந்தவர்கள் என் காரின் முன்னால் நின்று ஆஹா என்பார்கள், பக்கவாட்டில் நடந்து வந்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். எத்தனை பேர் சுளித்தும் கார் ஓடாமல் நின்றதில்லை.

முதியோர் இல்லத்தில் என் வேலை முடிந்த பிற்பகல்களிலும் வார இறுதிகளிலும் கராஜில் கிடந்தேன். முன் மட்காட் உடம்போடு பிறந்ததல்ல, போல்ட்டில்தான் நிற்கிறது என்று கண்டதும் பயம் போய்விட்டது. ஆனால் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விடமுடியாது. மட்காட்டை மாற்றினால் கிரில்லை மாற்ற வேண்டும், கிரில்லை மாற்றினால் பம்பர், பம்பரோடு அதற்குக் கீழே உள்ள தகடு. கூடுதல் விளக்கு இரண்டுக்கும் புதிதாக வயர் இழுத்தேன். எல்லாம் பொருந்தியது, பொனற் மட்டும் பொருந்தவில்லை. வலப்பக்கம் விரல் போகாது, இடப்பக்கம் கையே போகும். இடைவெளிக்கு வாசர் வளையம் வைத்தேன், போல்ட்டைத் தளர்த்தினேன், தள்ளினேன், இறுக்கினேன், மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் செத்த மனுசனை வாய்விட்டு ஏசினேன். "நீங்கள் இருந்திருந்தால் இன்னும் எழுபதாம் ஆண்டுச் சாமானின் படம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பியள்" என்று சொன்னேன். அவரில்லாத வீட்டில் அவரோடு சண்டை பிடிக்க அந்த கராஜ் ஒன்றுதான் இருந்தது.

பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் ஓய்வு பெற்ற வெல்டர். கோப்பிக் கோப்பையோடு வந்து பார்த்துவிட்டு, இது ஒரிஜினல் இல்லையே என்றார். உங்கள் இடுப்பு மூட்டும் ஒரிஜினல் இல்லையே, போன வருசம் மாற்றித்தானே நடக்கிறீர்கள் என்றேன். சிரித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்து, பொனற்றின் மறுபக்கத்தைப் பிடித்தார். அன்றைக்குத்தான் அது ஒழுங்காக உட்கார்ந்தது. என்னோடு வேலை செய்கிற ஒருத்தி காரைப் பார்த்து, இது உன்னைப் போலவே, பாதி அங்கே பாதி இங்கே என்று உருகினாள். இது கார், நான் ஆள், இரண்டையும் குழப்பாதே என்று சொல்லி அனுப்பினேன்.

வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். பரிசோதித்தவர் பிரேக்கைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார், குனிந்து சேசிஸ் நம்பரைப் பார்த்தார். நம்பர் எழுபதுதான், அதை நான் தொடவில்லை. சரி, ஓடலாம் என்றார். அரசாங்கமே ஏற்றுக்கொண்டது.

சம்பந்தி ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் டோஸ்ட்ருப்பில் இருக்கிறார், மரியாதையான மனிதர், குரல் உயர்த்த மாட்டார். முதலில் போனில், "தங்கச்சி, அடிபட்ட வாகனம். நல்ல காரியத்துக்குச் சரியில்லை" என்றார்.

"அடிபட்ட பாகத்தைத் தூக்கி எறிஞ்சாச்சு, அண்ணை. இப்ப இருக்கிறது அடிபடாத முகம்" என்றேன்.

அடுத்த முறை, இரண்டு வருசத்துச் சாமானைக் கலந்த கார், படத்தில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றார். படம் பார்க்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்கட்டும் என்றேன். மூன்றாவது முறை, தான் ஒரு வெள்ளைக் காரை வாடகைக்குப் பிடித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "சரி, உங்கடை காரே வரட்டும். ஆனால் ஓடுறதுக்கு வேறை ஆரையும் விடுங்கோவன்" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாளும் இவர் காரைப் பற்றிக் கதைக்கவே இல்லை. புருசன் இல்லாதவள் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து வரக்கூடாது. அதைச் சொல்ல நா எழாமல் மட்காட்டையும் பொனற்றையும் குறை சொல்லியிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மகள் டேனிஷில், அம்மா விட்டுவிடு, என் கல்யாணம் சண்டையில் தொடங்க வேண்டாம் என்றாள். அவள் பாவம். அவளுக்காக ஒருநாள் முழுவதும் விட்டுக்கொடுக்க முயன்றேன். முடியவில்லை. அவளைப் பெற்று, வளர்த்து, அப்பா இல்லாமலும் படிப்பித்து ஆளாக்கிவிட்டு, அவள் கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் நிற்க மாட்டேன் என்று அவளிடமே சொன்னேன்.  அவள், காருக்கு என்ன நிறப் பூ என்று கேட்டாள்.

கல்யாணத்தன்று காலை சிவப்புப் பட்டுக் கட்டினேன், வேண்டுமென்றே. கிளச் மிதிக்க வேண்டியதால் பட்டுக்குக் கீழே விளையாட்டுச் சப்பாத்து. மாப்பிள்ளைத் தோழனான என் மகனைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனேன். நானே ஓட்டுவேன் என்றதால் சம்பந்தி விடாமல் பிடித்து வைத்திருந்த வெள்ளைக் கார் வாசலில் பூ இல்லாமல் நின்றது. அதற்கு முன்னால் என்னுடையதை நிறுத்திவிட்டு, இருவரும் வரவேற்பறைக்குள் போனோம்.

மாப்பிள்ளையோடு திரும்பி வந்தபோது காரியம் முடிந்திருந்தது. சம்பந்தியின் அக்கா ஆசாரம் பிசகாத மனுசி. இந்தச் சண்டை எதுவும் அவருக்குத் தெரியாது. பூ வைத்த கார்தான் மாப்பிள்ளைக் கார் என்று நினைத்து, என் பொனற்றில் சந்தனமும் குங்குமமும் வைத்து, தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்.

சம்பந்தி ஓடி வந்தார். "அக்கா, அது இல்லை, மற்றது."

"செய்தாச்சு" என்றார் அக்கா. "பூசை செய்த வாகனத்தை விட்டுட்டு வெறும் வாகனத்திலை பிள்ளையை ஏத்தலாமோ? ராகுகாலம் தொடங்கப் போகுது, கெதியா வெளிக்கிடுங்கோ."

சம்பந்தி என்னிடம் வந்து சாவிக்குக் கை நீட்டினார். "தங்கச்சி, திறப்பைத் தாங்கோ. பெடியங்கள் ஆரும் ஓடட்டும்."

"ஏன் நான் ஓடக்கூடாது, அண்ணை? எல்லாருக்கும் முன்னாலை காரணத்தைச் சொல்லுங்கோ. சொன்னால் தாறன்."

அவர் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  அவர் மெதுவாக, "சகுனம் எண்டு ஒண்டு இருக்கு" என்றார்.

"சகுனம் எதிரிலை வாறவைக்குத்தானே, அண்ணை. நான் எதிரிலை வரேல்லை. ஸ்டியரிங் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை இருக்கிறன்."

தலைப்பாகையோடு நின்ற மாப்பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தான். தகப்பனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மாமி, நான் முன்சீட்டிலை இருக்கட்டோ?" என்று கேட்டான். கதவை நானே திறந்துவிட்டேன்.  அவன் தலைப்பாகை கூரையில் இடிக்காமல் குனிந்து ஏறினான், மகன் பின்னால் ஏறினான்.

நாலு விளக்கையும் போட்டேன். எஞ்சின் எழும்பிய சத்தத்தில் ஹோட்டல் சன்னல்கள் திறந்தன. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கண்ணாடியில் பார்த்தபோது வெள்ளைக் கார் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதில் சம்பந்தி இருந்தார்.