எட்டரைக்கு வீட்டுக்கு ஓடுகிறவர்

“அப்படி என்னடா தலைபோற அவசரம் அந்த மனுஷனுக்கு?” என்று அம்மா ஜன்னலோரம் நின்று கேட்டார். எதிர்ச் சலூன்காரர் அப்போதுதான் கத்தரியை வைத்துவிட்டு, நாற்காலியின் மேல் ஈரத் துண்டைப் போட்டுவிட்டு, செருப்பைப் பாதி மாட்டியபடி தெருமுனையிலிருந்த தன் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். தினமும் காலை எட்டரைக்கு இது நடக்கும். பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார். தெருவில் அவருக்கு ‘எட்டரை’ என்றே பெயர்.

குள்ளமான ஆள். காது முடியை வெட்டும்போது தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொருவருக்கும் புது பிளேடு. பழையதை இரண்டாக ஒடித்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவுக்குள் தள்ளுவார். வழுக்கைக்காரர்களிடம், “இருக்கிறதை அழகாக் காட்டுவோம் அண்ணே, இல்லாததைப் பத்தி நமக்கு எதுக்குப் பேச்சு?” என்பார். வாய் ஓயாது. எட்டேகாலுக்கு மேல் மட்டும் கண் கடிகாரத்துக்குப் போய்விடும், பேச்சு குறைந்துவிடும்.

அவர் ஓடிப்போய் நிற்கும் நேரத்தில் அவர் மனைவி டம்ளர் தண்ணீரோடு வாசலில் காத்திருப்பதை நாலு வீட்டுப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். போதாதா? ஆறு வருடமாக எங்கள் தெருவில் எந்தக் கணவருக்கும் நிம்மதி இல்லை. “பொண்டாட்டி கையால ஒரு வாய் தண்ணி குடிக்க ஓடி வர்றாரு. உங்களைச் சாப்பிடக் கூப்பிட நான் ஊரைக் கூட்டணும்” என்று அம்மா குத்துவார். அப்பாவுக்கு வயிறு எரியும். எனக்கும்தான். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த என்னை எதிர்பார்த்து எந்த வாசலிலும் யாரும் நிற்கவில்லை.

ஒரு நாள் அப்பா இதற்கு முடிவு கட்டக் கிளம்பினார். “இன்னைக்கு எப்படி ஓடறான்னு பாக்கறேன்” என்று என்னையும் கூட்டிக்கொண்டு போய், எட்டு மணிக்கே சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார். முடி வெட்டியானதும் மீசை. மீசை ஆனதும் காது. பிறகு ஒரு பக்கக் கிருதா ஏறியிருக்கிறது என்றார். எட்டு இருபத்தைந்துக்குச் சவரமும் செய்துவிடச் சொல்லி முகத்தைக் காட்டினார். சலூன்காரருக்கு மறுக்கத் தெரியவில்லை. நுரையைக் குழைத்தார். பெஞ்சில் என் பக்கத்தில் இன்னொருவர் செய்தித்தாளோடு காத்திருந்தார்.

எட்டே முக்காலுக்கு அவர் மனைவியே கடைக்கு வந்துவிட்டார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில். மூடியிருந்த மறு கையைக் கணவர் பக்கம் நீட்டி விரித்தார். ஒரே ஒரு மாத்திரை.

அப்பா நுரைக்குள்ளிருந்து சிரித்தார். “மாத்திரையைக்கூட ஊட்டித்தான் விடணுமா? அப்படி என்ன மாத்திரை தம்பி, சத்து மாத்திரையா?”

சுகருக்கு என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் ஏதோ சொல்ல அந்த அம்மாள் வாயெடுத்தார். அதற்குள் சலூன்காரர் மாத்திரையை விழுங்கிவிட்டு, “எச்ஐவிக்கு அண்ணே. பதினோரு வருஷமாப் போடறேன்” என்றார்.

ஏன் மறைக்கவில்லை என்று, பின்னாளில் இதை எழுத அவரிடம் அனுமதி கேட்கப் போனபோது விசாரித்தேன். “என்னை நம்பிக் கழுத்தைக் குடுத்தவர்கிட்ட பொய் சொல்ல வரலை தம்பி” என்றார். அழுமூஞ்சியாக எழுதாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

செய்தித்தாள்காரர் தாளை மடித்துவைத்துவிட்டு எழுந்து போனார். நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன். அதை எழுதாமல் விட்டால் இது பொய்யாகிவிடும். எங்கள் பாடப் புத்தகத்தில் எச்ஐவியைப் பற்றி ஒரு பக்கம் உண்டு. வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஆசிரியர் தாண்டிவிட்டார். நாங்களும் தாண்டிவிட்டோம்.

அந்தப் பக்கத்தை அங்கேயே நின்று எங்களுக்கு நடத்தியவர் அவர் மனைவிதான். ஒரு முறை உடம்பு தேறியதும், நோய் போய்விட்டது என்று நினைத்து இவர் நாலு மாதம் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். எழ முடியாமல் படுத்த பிறகுதான் புத்தி வந்ததாம். அன்றிலிருந்து தன் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும் என்பது அந்த அம்மாள் போட்ட சட்டம். விடாமல் போடுவதால் பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டது. அப்படி இருக்கும்வரை மனைவிக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வருடா வருடம் தானும் பரிசோதித்துக்கொள்வதாகவும் தனக்கு இல்லை என்றும் சொன்னார்.

எட்டரை கத்தியை வைத்துவிட்டுத் துண்டை நீட்டினார். “மீதியை வீட்ல எடுத்துக்கங்க அண்ணே. நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

ஒருவர் போயாயிற்று. அப்பாவும் பாதி முகத்தோடு தெருவில் இறங்கினால் சாயங்காலத்துக்குள் அந்தக் கடை காலியாகிவிடும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கக் கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

அப்பா துண்டை வாங்கவில்லை. கண்ணாடியிலேயே அந்த அம்மாளைப் பார்த்தார்.

“நானும்தான் ரெண்டு வருஷமா பிரஷர் மாத்திரை போடறேம்மா. போட்டீங்களான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்க வீட்ல கேட்டிருப்பாளா?”

பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, கழுத்தை நன்றாக நிமிர்த்திக் கொடுத்தார்.

இதை நீங்கள் ஒரு சலூனில் காத்திருக்கும்போது படிக்கிறீர்கள் என்றால், உங்கள் முறை வந்ததும் பத்திரிகையை மூட வேண்டாம். அடுத்து உட்காரப் போகிறவர் கண்ணில் படும்படி, இந்தப் பக்கத்தைத் திறந்தபடியே பெஞ்சில் வைத்துவிட்டுப் போங்கள்.