கேளாமல் வெட்டிய வரப்பு

மன்னார்குடி முன்சீப் கோர்ட்டில் நான் நடத்திய வழக்குகளில் பாதி வரப்பில் பிறந்தவை. மீதி அண்ணன் தம்பி பாகப்பிரிவினை; அதுவும் கடைசியில் ஏதாவதொரு வரப்பில் போய்த்தான் நிற்கும். ஆகவே ஒரு தை மாதம் சம்மனும் கையுமாக வந்த பெரியவர், "சின்ன வரப்பு விஷயம்தான் வக்கீலம்மா" என்றபோது எனக்குப் பெரிய ஆவல் எதுவும் ஏற்படவில்லை. உட்காரச் சொல்லிவிட்டுக் காபியை முடித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். ஐப்பசி அடைமழையில் பெரியவரின் சம்பாப் பயிர் மூழ்கிவிட்டது. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத இளம்பயிர். அவர் வயல் மேட்டில் இருக்கிறது. அதற்கும் வடிகாலுக்கும் நடுவில் இன்னொருவர் வயல். ஒருநாள் காலையில் இரண்டு ஆட்களோடு போய், நடுவிலிருந்த வரப்பை வெட்டிவிட்டார். தண்ணீர் அடுத்தவர் வயல் வழியாக வடிந்து போயிற்று. இவர் பயிர் பிழைத்தது. முந்தின நாள்தான் அடுத்தவர் வயலில் யூரியா போட்டிருந்தார்கள். அதைத் தண்ணீர் கொண்டு போய்விட்டது. வெட்டிய வாய்க்கு நேராக இருந்த நாற்றுகளின் மேல் சேறு ஏறிவிட்டது. வயல்காரர் அத்துமீறல் என்று நட்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார். இனிமேல் வரப்பில் கைவைக்கக் கூடாதென்று தடையும் கேட்டிருந்தார்.

வழக்குப் போட்டவரின் அப்பா, பெரியவர் வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். அம்மா வழக்கிலிருந்த அதே வயலில் நடவு நட்டவர். மகன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய், மேற்பார்வையாளராக உயர்ந்து, திரும்பி வந்து அந்த நிலத்தைக் கிரயம் வாங்கியிருந்தார். விற்றது பெரியவரின் சித்தப்பா மகன். பட்டா மாறியிருந்தது. பெரியவர் வாயில் மட்டும் அது இன்னும் "சித்தப்பா வயல்".

"கெடுக்கணும்னு நெனச்சு வெட்டலைங்க. என் பயிரக் காப்பாத்தத்தான் வெட்டினேன்."

இந்த வாக்கியத்தை வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுவேன். கெடுக்க நினைத்தீர்களா என்று சிவில் சட்டம் கேட்பதில்லை. வெட்ட நினைத்தீர்களா என்றுதான் கேட்கிறது. மண்வெட்டி கைதவறி வரப்பில் விழுந்துவிட்டது என்று பதிலுரையில் எழுத முடியாது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நமக்கு இரண்டே வாதங்கள்தான் உண்டு என்று விளக்கினேன். ஒன்று, வயல்காரர் சம்மதித்தார் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறு வழியே இருக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பெரியவருக்கு இரண்டாவது பிடித்துவிட்டது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னங்க?"

சாணையும் முழத்தையும் அளந்து பார்ப்பதற்காகத்தான் கோர்ட்டு இருக்கிறது. ஆனாலும் இரண்டையும் எழுதினேன். தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில்தான் வரப்பை வெட்டித் தண்ணீர் வடிப்பது வழக்கம், ஆகவே சம்மதம் அதில் அடங்கியிருக்கிறது. அவசரம் கருதி வெட்டியது, வேறு வழியில்லை. படித்துப் பார்த்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

வாதி கூண்டில் ஏறினார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார். என் கட்சிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி இன்னும் ரெண்டு நாள் நின்னிருந்தா பிரதிவாதியோட பயிர் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டேன்.

"அழுகியிருக்கும்."

"உங்க வயல விட்டா வடிகாலுக்குத் தண்ணி போக வேற வழி இருக்கா?"

"இல்லைங்க."

"அந்த எடத்துலதான் எப்பவும் வெட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். எங்கப்பாதான் வெட்டுவாரு. அவங்க வீட்டுலேர்ந்து சொல்லி அனுப்புவாங்க, அப்பா போயி வெட்டுவாரு."

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. உட்கார்ந்தேன். நீதிபதிதான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிற ஆள் எதற்காக வழக்குப் போட்டீர் என்று கேட்டார்.

"என் வீடு அடுத்த தெருவுலதான் இருக்குங்க ஐயா. என் போன் நம்பர் அவங்க பேரன்கிட்ட இருக்கு. கேட்டிருந்தா நானே மண்வெட்டிய எடுத்துட்டுப் போயி வெட்டி விட்டிருப்பேன். யாருமே கேக்கல."

சமாதானம் பேசிப் பார்க்கச் சொல்லி நீதிபதி எங்களை வெளியே அனுப்பினார். வராந்தாவில் வாதியின் வக்கீல் என்னிடம் வந்து, நட்ட ஈடு வேண்டாம், இனிமேல் கேட்டுவிட்டு வெட்டுவதாக எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். மதியச் சாப்பாட்டுக்குள் கேஸ் முடிந்துவிடும் என்ற சந்தோஷத்தில் ஓட்டமாகப் போய்ப் பெரியவரிடம் சொன்னேன்.

"நட்ட ஈடு எவ்வளவு வேணும்னாலும் போடச் சொல்லுங்க. கட்டிடறேன். கேக்கறதுங்கறத மட்டும் எடுத்துடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஜெயித்த மாதிரி இருக்கும் கேஸைக் கையிலிருந்து தட்டிவிடும் கட்சிக்காரரை எந்த வக்கீலுக்கும் பிடிக்காது. "ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சு போயிடும் உங்களுக்கு?" என்றேன்.

"அவங்க அப்பன் எங்க வாசல்ல வந்து நின்னு கேட்டுத்தாங்க நான் பாத்திருக்கேன். இப்ப நான் போயி அங்க நிக்கறதா?"

இதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்வது போலச் சொன்னார். பத்தடி தள்ளி நின்ற வாதிக்கு அது கேட்டிருக்கும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்ததால் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

தீர்ப்பு எங்களுக்குப் பாதகமாக வந்தது. வேறு வழியில்லை என்பது செல்லாது, கேட்பது என்ற வழி இருந்தது. நிலம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தபோது நடந்த பழக்கம், கிரயத்தோடு போயிற்று. அதைச் சம்மதம் என்று கொள்ள முடியாது. நட்ட ஈடு உண்டு, வாதியின் சம்மதமில்லாமல் வரப்பைத் தொடத் தடையும் உண்டு. பெரியவர் அந்த வாரமே பணத்தைக் கட்டினார். அப்பீல் வேண்டாமா என்றதற்கு, "நான் கேக்கலையே, அது போதும்" என்றார். வறட்டுக் கௌரவம் என்று மனதுக்குள் திட்டிவிட்டுக் கேஸ் கட்டை மூடி வைத்தேன்.

அடுத்த ஐப்பசியும் பெய்தது. ஒருநாள் காலை நான் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது போன் வந்தது. பேசியது வாதி.

"மேடம், அவங்க பயிரு முழுகிக் கெடக்கு. நான் மண்வெட்டியோட வரப்புலதான் நிக்கறேன். ஒரு வார்த்த கேக்கச் சொல்லுங்க. போன்ல கேட்டாக்கூடப் போதும்."

உடனே பெரியவரைக் கூப்பிட்டேன். அவரும் எதிர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.

"தெரியுதுங்க, அவன் நிக்கறது."

"தெரியுதுல்ல? கூப்பிட்டுக் கேளுங்க. பயிர் போயிடும்."

"தடை வாங்கினவன் அவன்தானே. அவனே வெட்டி விடட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுபடியும் வாதியை அழைத்தேன். அவர் கேட்க மாட்டார், இது உங்களுக்கும் தெரியும், நீங்களாகவே வெட்டிவிடக் கூடாதா, ஒரு பயிர் பிழைக்குமே என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"நானா போயி வெட்டினா எங்கப்பா வெட்டின மாதிரிதான் மேடம் ஆகும்."

போனை வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். அன்று முழுவதும் கோர்ட்டில் என்ன வாதாடினேன் என்று நினைவில்லை.

மழை விட்டுத் தண்ணீர் தானாக வற்றியபோது பெரியவரின் பயிர் அடியோடு அழுகியிருந்தது. கார்த்திகை முடிவதற்குள் அவர் என்னைப் பார்க்க வந்தார்.

"மண்வெட்டியக் கையில வெச்சுக்கிட்டு வெட்டாம நின்னான் பாருங்க, அதுக்கு அவன் மேல ஒரு கேஸ் போட முடியுமா?"

முடியாது என்றேன். நீங்கள் கேட்டிருந்தால் அவர் சம்மதம் கொடுத்திருப்பார், கேட்காததைக் கொடுக்காமல் இருப்பது குற்றமில்லை என்றேன். பெரியவர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"போனது போகட்டும்ங்க. கடைசி வரைக்கும் நான் கேக்கலன்னு ஊருல பேசுவாங்கல்ல?"

பிறகு வேறொரு வழக்குக்காக அந்த ஊருக்கு இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். அவர் கேட்கவில்லை என்று யாரும் பேசி நான் கேட்கவில்லை. அந்த மழையில் பண்ணையாள் மகன் மண்வெட்டியோடு வெட்டாமல் நின்றான் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.