கதவோடு போன நூர்ஜஹான்

நூர்ஜஹானைத் தெரியாதவர்கள் அவளை வாயாடி என்பார்கள். தெரிந்தவர்களும் அதைத்தான் சொல்வார்கள். முசலிக் கரையில் கருவாடு காயப்போட்டே மூன்று குமர்ப்பிள்ளைகளைக் கரைசேர்த்தவள். மீன் முதலாளிமாரே அவளோடு பேரம் பேசப் பயப்படுவார்கள். அப்படிப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு சொல்லுக்கு மேல் பேசவில்லை.

செய்தி கொண்டுவந்தவர் கிராம சேவகர் சிவசுப்பிரமணியம். ஊருக்கு அவர் விதானையார்.

"அக்கா, வெளிநாட்டுக் கப்பலொண்டு வருது. ஆமிக்காரரைக் கொண்டுவந்து கரையில இறக்கிற பெரிய போர்க்கப்பல். எங்கட நேவியோட சேர்ந்து ஒத்திகை செய்யப்போகினம். நாளைக்கு ஒரு நாள் கரையோரத்து ஆக்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில இருக்கோணும். பின்னேரம் திரும்பலாம்."

"ஒரு நாளோ?"

"ஓம், ஒரே நாள்."

யா அல்லாஹ்! இதை நம்புவதா விடுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, போர்க்காலத்தில், ஆயுதம் ஏந்திய இயக்கத்தார் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது கைக்குழந்தையோடு வள்ளமேறியவள் அவள். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாமென்று கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அந்தக் கொஞ்ச நாள் புத்தளத்து அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில் இருபது வருடமாயிற்று. திரும்பி வந்தபோது சாவி இருந்தது. கதவு இல்லை, நிலை இல்லை, கூரையும் இல்லை.

மறுநாள் விடிய, கணவன் ஜவாஹிர் எழுந்து பார்த்தால், அவள் முன்கதவைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.

"உனக்கென்ன விசரா? ஒத்திகையெண்டு சொன்னவர்தானே?"

"போனமுறையும் வாயாலதான் சொன்னவங்கள். நீங்க அந்தப் பக்கம் பிடியுங்கோ."

பிடித்தார். கட்டிய நாள் முதலாய் அவள் சொல்லி அவர் எதைத்தான் பிடிக்காமல் விட்டார்?

பள்ளிக்கூடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் கதவைச் சுவரில் சாத்திவிட்டு யன்னலால் கடலைப் பார்த்தாள். தூரத்தில் கப்பல் நின்றது. தட்டையான மேல்தளத்தில் ஹெலிகொப்டர்கள். கப்பலின் பின்பக்கம் திறந்து, வயிற்றுக்குள்ளிருந்து படகுகள் வந்தன. கரையில் முட்டியதும் படகுகளின் முன்பலகை கீழே விழ, துவக்கும் கையுமாகப் பெடியன்கள் பாய்ந்திறங்கி மணலில் குப்புறப் படுத்தார்கள்.

"ஆரைப் பிடிக்க இவ்வளவு பேர்? அங்க ஒரு காக்கா குருவி இல்லையே!"

"எதிரி இருக்கிறானெண்டு நினைச்சுக்கொண்டு செய்யிறது," என்றார் ஜவாஹிர்.

"எங்க, எங்கட வீட்டுக்குள்ளயோ?"

யார் யாரை வென்றார்கள், வென்றபின் எதற்குக் கைகுலுக்கிப் படமெடுத்தார்கள், இருவருக்கும் ஒரு மண்ணும் விளங்கவில்லை. கொடுத்த சோற்றுப் பார்சலை அவள் பிரிக்கவேயில்லை. கப்பல் போய்விடும், சரி. கரைக்குத் தன்னை விடுவார்களா?

நாலு மணிக்கு விதானையார் வந்தார். "முடிஞ்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போங்கோ."

சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டது. நூர்ஜஹான் அசையவில்லை.

"அக்கா, உங்களுக்கும்தான். வீட்டுக்குப் போங்கோ."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ விதானையார்."

"ஏனக்கா, கேக்கேல்லையோ?"

"கேட்டது." அவள் கதவில் கை வைத்தாள். "போங்கோ போங்கோவெண்டு எத்தினையோ பேர் சொல்லிக் கேட்டிட்டன். வீட்டுக்குப் போங்கோவெண்டு இண்டைக்குத்தான் கேக்கிறன்."